ஒரே உறுப்பு, பல உயிரினங்கள்: பொது உடற்கூறு ஆன்டாலஜியில் முதல் அடிகள்

மனித உடற்கூறியலில் மேற்பெருஞ்சிரை என்று ஒரு ரத்தக்குழாய் உண்டு. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வரும் ரத்தத்தை இதயத்தில் சேர்ப்பது அதுதான். மனிதர் நிமிர்ந்து நிற்பதால் அது இதயத்துக்கு மேலே இருக்கிறது, பெயரும் அப்படியே வந்தது. சுண்டெலி நான்கு காலில் நடப்பது. அங்கே அதே குழாய் இதயத்துக்கு முன்னால் இருக்கிறது. அதனால் சுண்டெலி ஆய்வாளர்கள் அதை முன்பெருஞ்சிரை என்கிறார்கள், கால்நடை மருத்துவ நூல்கள் தலைப்பக்கப் பெருஞ்சிரை என்கின்றன. அதிலும் சுண்டெலிக்கு இடது, வலது என்று இரண்டு. படிப்பவருக்கு இது ஒரு நிமிடக் குழப்பம், அவ்வளவுதான். கணினிக்கோ இவை சம்பந்தமில்லாத மூன்று சொற்கள்.

மனிதத் தரவையும் சுண்டெலித் தரவையும் மீன் தரவையும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டிய ஒவ்வொரு ஆய்விலும் இந்தச் சிக்கல் வரும். அதைத் தீர்க்க உருவானவைதான் பல உயிரினங்களுக்குப் பொதுவான உடற்கூறு ஆன்டாலஜிகள். யூபெரான் அவற்றில் ஒன்று. "மாதிரிகளுக்கெல்லாம் யூபெரான் எண் போட்டுக் கொடு" என்று யாரோ சொல்லிவிட, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

ஆன்டாலஜி என்பதை இப்படி நினைத்துக்கொள்ளலாம்: ஒரு துறையின் கருத்துகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான எண், ஒரு வரையறை, மற்றக் கருத்துகளோடு அதற்குள்ள உறவுகள். இவையெல்லாம் கணினி படிக்கும் வடிவில் எழுதிவைக்கப்பட்ட தொகுப்பு அது. அகராதியில் சொல்லும் பொருளும் இருக்கும். இங்கே கூடுதலாக உறவுகள் இருக்கின்றன, பலனில் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வருகிறது.

ஒவ்வோர் ஆய்வுச் சமூகமும் தனக்கென்று ஒன்றை ஏற்கெனவே வைத்திருந்தது. மனிதருக்கு எஃப்எம்ஏ, சுண்டெலிக்கு எம்ஏ, வரிக்குதிரை மீனுக்கு இசட்எஃப்ஏ, பழ ஈக்கு எஃப்பிபிடி என்று தனித்தனி. இதயம் என்ற ஒரே உறுப்புக்கு எஃப்எம்ஏவில் எண் 7088, எம்ஏவில் 0000072, இசட்எஃப்ஏவில் 0000114. இவற்றுக்கு மேலே ஒரு பொதுத் தளமாக நிற்பது யூபெரான். அதில் இதயத்தின் எண் 0000948. யூபெரானைப் பற்றிய முதன்மைக் கட்டுரை 2012இல் வெளிவந்தது. அப்போது அதில் 6,500க்கும் மேற்பட்ட சொற்கள் இருந்தன. மீன்களுக்கும் இருவாழ்விகளுக்கும் தனியாக இருந்த ஆன்டாலஜிகள் பிறகு இதோடு இணைக்கப்பட்டன. 2014இல் வெளிவந்த கட்டுரை அந்த இணைப்பைத்தான் விவரிக்கிறது.

முதல் படி: ஒரு சொல்லை முழுதாகப் பிரித்துப் பாருங்கள்

ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தின் ஆன்டாலஜி தேடல் தளம், சுருக்கமாக ஓஎல்எஸ், இலவசமாகக் கிடைக்கிறது. அதைத் திறந்து யூபெரானில் 'ஹார்ட்' என்று தேடுங்கள். வரும் பக்கத்தில் எண், பெயர், வரையறை, மாற்றுப்பெயர்கள், மற்ற ஆன்டாலஜிகளில் இதற்கு இணையான எண்கள், பெற்றோர்ச் சொற்கள் எல்லாம் இருக்கும்.

இவற்றில் எதை நம்புவது? எண்ணையும் வரையறையையும். பெயர் நம் வசதிக்காக ஒட்டப்பட்ட சீட்டு, அடுத்த வெளியீட்டில் அது மாறலாம். எண் மாறாது. ஒரு சொல் கைவிடப்பட்டாலும் அதன் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். 'வழக்கொழிந்தது' என்று குறித்து, பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்பதையும் பெரும்பாலும் அதிலேயே சொல்லிவிடுவார்கள்.

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர் பொருந்துகிறதே என்று எண்ணை எடுக்காதீர்கள், வரையறையைக் கடைசி வரை படித்துவிட்டு எடுங்கள். நான் பார்த்த பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியதால் வந்தவை.

இரண்டாம் படி: உறவுகளைப் புரிந்துகொள்ளுங்கள்

தொடக்கத்தில் மூன்று உறவுகள் தெரிந்தால் போதும். ஒன்று 'வகை': தொடையெலும்பு எலும்பின் ஒரு வகை. இரண்டாவது 'பகுதி': விழித்திரை கண்ணின் பகுதி. மூன்றாவது 'இதிலிருந்து உருவாவது': கரு வளர்ச்சியில் ஓர் உறுப்பு எந்தக் கட்டமைப்பிலிருந்து வந்தது என்பது.

'பகுதி' உறவில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, எனக்கு மிகப் பிடித்த இடமும் இதுதான்.

இடது வென்ட்ரிக்கிள், அதாவது இடது கீழறை, இதயத்தின் பகுதி. சரி. அப்படியானால் இதயத்துக்கு இடது வென்ட்ரிக்கிள் உண்டு என்று திருப்பிச் சொல்லலாமா? மனிதரை மட்டும் பேசினால் சொல்லலாம். மீனையும் சேர்த்தால் முடியாது. மீனின் இதயத்தில் ஒரு ஏட்ரியம் (மேலறை), ஒரு வென்ட்ரிக்கிள், அவ்வளவுதான். தவளைக்கு இரண்டு ஏட்ரியம், ஒரு வென்ட்ரிக்கிள். வென்ட்ரிக்கிளில் இடது, வலது என்ற பிரிவே இந்த இரண்டிலும் இல்லை. உலகில் உள்ள ஒவ்வோர் இடது வென்ட்ரிக்கிளும் ஏதோ ஓர் இதயத்தின் பகுதிதான். ஒவ்வோர் இதயத்திலும் இடது வென்ட்ரிக்கிள் இருக்க வேண்டியதில்லை. ஆன்டாலஜியில் எழுதப்படும் எந்த உறவையும் இப்படித்தான் வாசிக்க வேண்டும்: 'இந்த வகையைச் சேர்ந்த ஒவ்வொன்றும், அந்த வகையைச் சேர்ந்த ஏதோ ஒன்றோடு இந்த உறவில் இருக்கிறது.' ஒரே இனத்துக்குள் இரண்டு பக்கமும் உண்மையாக இருக்கும் வாக்கியம், இனங்களைத் தாண்டும்போது ஒரு பக்கம் மட்டுமே உண்மையாக நிற்கும். மனித உடற்கூறியலை அப்படியே நகலெடுத்து எல்லா உயிர்களுக்கும் பொதுவாக்கிவிட முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்து தேடலில் கிடைக்கும் பலனைப் பாருங்கள். ஒரு மரபணு இடது வென்ட்ரிக்கிளில் வெளிப்படுகிறது என்று தரவு சொல்கிறது. 'இதயத்தில் வெளிப்படும் மரபணுக்கள்' என்று ஒருவர் தேடினால், இதயம் என்ற சொல்லே உங்கள் கோப்பில் இல்லாவிட்டாலும் அந்த மரபணு வந்துவிடும், ஏனென்றால் 'பகுதி' உறவு மேல்நோக்கி ஏறும். 'வெளிப்படவில்லை' என்ற தகவல் எதிர்த்திசையில் போகும். இதயத்தில் எங்குமே இல்லை என்றால் அதன் பகுதிகளிலும் இல்லை. ஆனால் இடது வென்ட்ரிக்கிளில் இல்லை என்பதை வைத்து இதயத்திலேயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கணினியில் இந்த ஏற்ற இறக்கத்தைச் செய்வது ரீசனர் என்னும் மென்பொருள். பெரிய ஆன்டாலஜிகளுக்கு 'எல்க்' என்ற ரீசனர் பரவலாகப் பயன்படுகிறது. நீங்கள் அதை இப்போதே நிறுவத் தேவையில்லை.

மூன்றாம் படி: சரியான சொல்லைத் தேர்ந்தெடுங்கள்

உங்கள் கோப்பில் 'டிபியா' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதுகெலும்பிகளில் அது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு. பூச்சியில் அது காலின் ஒரு கணு. பூச்சிக்கு எலும்பே கிடையாது. பெயரை வைத்துத் தானாகப் பொருத்தும் நிரல் பழ ஈயின் காலுக்கு முதுகெலும்பியின் எலும்பு எண்ணைக் கொடுத்துவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. 'சிறகு' என்பதும் அப்படியே. பறவையின் சிறகு முன்னங்காலிலிருந்து உருவானது, பூச்சியின் சிறகு அப்படியல்ல.

இதைவிடச் சன்னமான தவறு ஒன்று உண்டு. தோலிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து ஆய்வு செய்கிறீர்கள். தேடினால் முதலில் கண்ணில் படுவது 'உடலின் தோல்', எண் 0002097. வரையறையைப் படித்தால் அது உடல் முழுவதையும் மூடியிருக்கும் தோல் என்ற முழு உறுப்பு. உங்களிடம் இருப்பது துண்டு. அதற்கென்று 'தோலின் ஒரு பகுதி' என்ற சொல் 0000014 என்ற எண்ணில் தனியாக இருக்கிறது. தசை என்றாலும் தசை உறுப்பு வேறு, தசைத் திசு வேறு. எலும்பு என்றாலும் எலும்புத் துண்டம் வேறு, எலும்புத் திசு வேறு. ஆகவே தேடுவதற்கு முன் "என் மாதிரிக் குழாயில் உண்மையில் என்ன இருந்தது?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். மாதிரியை எடுத்தவரையே கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் பெற்றோர்ச் சொற்களைப் பாருங்கள். மேலே ஏறிக்கொண்டே போனால் எதிர்பாராத இடத்துக்குப் போகிறதா? அப்படியானால் தவறான சொல்லைப் பிடித்திருக்கலாம். பல சொற்களில் வகைப்பாட்டு வரம்பும் எழுதப்பட்டிருக்கும். பால்சுரப்பி பாலூட்டிகளில் மட்டும் என்பது போல. வரம்பு எழுதப்படாத இடங்களில் உங்கள் உயிரியல் அறிவுதான் காவல். சுண்டெலிக்குப் பித்தப்பை உண்டு, எலிக்கு இல்லை. எலித் தரவில் பித்தப்பை என்று ஒரு வரி வந்தால் இனமோ உறுப்போ ஏதோ ஒன்று தவறாகப் பதிவாகியிருக்கிறது.

மாற்றுப்பெயர்களிலும் கவனம் வேண்டும். அவை நான்கு விதம்: துல்லியமானவை, குறுகியவை, விரிந்தவை, தொடர்புள்ளவை. துல்லியமான மாற்றுப்பெயரில் பொருந்தியிருந்தால் கவலையில்லை. 'தொடர்புள்ள' என்பதில் பொருந்தியிருந்தால் அதைப் பொருத்தமாகவே எண்ணாதீர்கள், ஒரு துப்பு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பொதுவானதா, இனத்துக்கே உரியதா?

வரிக்குதிரை மீனை மட்டும் ஆராய்பவர் இசட்எஃப்ஏ எண்ணைப் போடுவதா, யூபெரான் எண்ணைப் போடுவதா? என் கருத்து: உங்களுக்குத் தெரிந்த மிக நுட்பமான சொல்லைப் பதிவு செய்யுங்கள், அது இன ஆன்டாலஜியில்தான் இருக்கிறது என்றால் அதையே போடுங்கள். பக்கத்தில் யூபெரான் எண்ணையும் சேருங்கள். நுட்பத்திலிருந்து பொதுவுக்கு ஏறுவதற்கு ஏற்கெனவே இணைப்புகள் இருக்கின்றன. பொதுவானதை மட்டும் எழுதிவிட்டால், பிறகு நுட்பத்தை மீட்டெடுக்க வழியே இல்லை.

அந்த இணைப்புகளை எப்படி வாசிப்பது என்பதும் முக்கியம். யூபெரானின் இதயமும் இசட்எஃப்ஏவின் இதயமும் இணையாகக் காட்டப்பட்டிருந்தால், 'மீனின் இதயம் என்பது மீனில் உள்ள இதயம்' என்று பொருள். இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றே என்று பொருளில்லை.

செல்களுக்கு வேறு ஆன்டாலஜி இருக்கிறது, சிஎல் என்ற செல் ஆன்டாலஜி. கல்லீரல் செல்லின் எண் அதில் 0000182, நியூரானின் எண் 0000540. எக்செல் போன்ற விரிதாளில் உறுப்பை ஒரு பத்தியிலும் செல்லை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். 'கல்லீரல் செல்' என்பதற்குக் கல்லீரலின் எண்ணைக் கொடுத்தால் பாதித் தகவல் போய்விடும். ஆய்வகத்தில் வளர்த்த ஆர்கனாய்டுகளையும் (செல்களிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்பு மாதிரிகள்) செல் வளர்ப்புகளையும் உறுப்பாகவே பதிவு செய்துவிடாதீர்கள். அவை என்ன என்று சொல்ல இன்னொரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: விரிதாளில் எழுதுங்கள்

தொடங்குவதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரு விரிதாளில் இந்தப் பத்திகள் போதும்: மாதிரியின் அடையாளம், இனம், மூலக்கோப்பில் இருந்த சொல், உறுப்பின் எண், உறுப்பின் பெயர், செல்லின் எண், வளர்நிலை, யூபெரான் வெளியீட்டின் தேதி, குறிப்பு. இனத்துக்கும் என்சிபிஐ (அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம்) வகைப்பாட்டு எண்ணைப் போடலாம்: மனிதர் 9606, சுண்டெலி 10090, வரிக்குதிரை மீன் 7955, பழ ஈ 7227. மூலக்கோப்பில் இருந்த சொல்லை அழிக்கவே அழிக்காதீர்கள். உங்கள் தேர்வு தவறென்று பின்னால் தெரியவந்தால் திரும்பிப் போக அது ஒன்றுதான் வழி.

எண்ணை எப்போதும் முன்னொட்டோடு எழுத வேண்டும். யூபெரானில் என்றால், ஆன்டாலஜியின் பெயர் ரோமன் பெரிய எழுத்தில், பிறகு முக்காற்புள்ளி, பிறகு ஏழு இலக்கம். இலக்கத்தை மட்டும் எழுதினால் எக்செல் முன்னாலுள்ள பூச்சியங்களை விழுங்கி, 0000948 என்பதை 948 ஆக்கிவிடும்.

இன்னொன்று எனக்கே நடந்தது. நாற்பது வரிகளுக்கு ஒரே இதய எண்ணைப் போட வேண்டியிருந்தது. முதல் வரியின் கட்டத்தில் எழுதிவிட்டு, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். எக்செல் அதை ஒரு வரிசை என்று நினைத்து 948, 949, 950 என்று ஏற்றிக்கொண்டே போனது. 0000949 என்பதும் செல்லுபடியாகும் எண்தான், நாளமில்லாச் சுரப்பி மண்டலம். அதனால் சரிபார்க்கும் நிரலும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, இதய மாதிரிகளில் பாதி ஏன் வேறெங்கோ போய் நிற்கின்றன என்று தேடியபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து எண்ணும் பெயரும் இரண்டு பத்திகளில் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். அந்த எண்ணுக்கு ஆன்டாலஜியில் உள்ள பெயரும் நான் எழுதிய பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று சிறு நிரல் ஒன்று சோதித்துவிடும்.

கோப்பாகவே யூபெரானைப் பதிவிறக்க நினைத்தால், இருக்கும் பல வடிவங்களில் 'பேசிக்' என்பதிலிருந்து தொடங்குங்கள். கட்டளை வரியில் வேலை செய்ய 'ரோபாட்', திறந்து பார்க்கவும் திருத்தவும் 'புரொட்டிஜே'. இரண்டுமே இலவசம்.

ஆறாம் படி: ஒரே சொல் என்பதால் ஒரே மூதாதை என்று எண்ணாதீர்கள்

பரிணாமம் படிப்பவர்கள் இங்கே மிகக் கவனமாக இருக்க வேண்டும். அமைப்பொத்த உறுப்புகள், செயலொத்த உறுப்புகள் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். முன்னவை பொது மூதாதையிடமிருந்து வந்தவை, பின்னவை வேலையில் மட்டும் ஒத்தவை. யூபெரானில் ஒரு சொல்லின் கீழ் இரண்டு உயிரினங்களின் உறுப்புகள் வருவதாலேயே அவை அமைப்பொத்தவை ஆகிவிடாது. யூபெரான் சொற்களை அமைப்பு, செயல், வளர்ச்சி என்று பல அடிப்படைகளில் தொகுக்கிறது. 'கேமரா வகைக் கண்' என்ற சொல்லையே பாருங்கள். ஒளி ஒரு திறப்பு வழியாக வந்து லென்ஸில் குவிந்து விழித்திரையில் விழும் அமைப்பை அது சொல்கிறது. அந்த அமைப்பு முதுகெலும்பிகளிலும் ஆக்டோபஸ் குடும்பத்திலும் தனித்தனியாகத் தோன்றியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மீனின் காற்றுப்பையும் நம் நுரையீரலும் அமைப்பொத்தவை என்று ஏற்கப்படுகின்றன. ஆனால் ஆன்டாலஜியில் அவை வெவ்வேறு சொற்கள். மார்புத்துடுப்பும் முன்னங்காலும் வெவ்வேறு சொற்கள், இரண்டையும் சேர்க்கும் பொதுச் சொல் மேலே தனியாக இருக்கிறது. அமைப்பொத்த உறவு வேண்டுமென்றால் அதற்கென்று தனியாகத் தொகுக்கப்பட்ட தரவை எடுக்க வேண்டும். மரபணு வெளிப்பாட்டை இனங்களுக்கிடையே ஒப்பிடும் 'பிஜீ' திட்டம் அப்படி ஒன்றைப் பராமரிக்கிறது. எந்த உறுப்புகள், எந்த வகைப்பாட்டுக் குழுவின் அளவில், என்ன சான்றின்படி அமைப்பொத்தவை என்று அதில் இருக்கும். கருத்து வேறுபாடு உள்ள அறிவியலை ஆன்டாலஜியின் முதுகெலும்பிலிருந்து தள்ளி வைத்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன்.

செயலிலும் இதே எச்சரிக்கை. வளர்ந்த வரிக்குதிரை மீனில் ரத்த செல்கள் உருவாவது சிறுநீரகத்தில் உள்ள மஜ்ஜையில். நம் உடலில் அது எலும்பு மஜ்ஜையின் வேலை. வேலை ஒன்றுதானே என்று மீன் மாதிரிக்கு எலும்பு மஜ்ஜையின் எண்ணைப் போடக் கூடாது. மாதிரி எங்கிருந்து எடுக்கப்பட்டதோ அந்த இடத்தின் எண்தான். ஒப்பிடுவது பிறகு நடக்கும் பகுப்பாய்வின் வேலை.

இத்தனை உழைப்புக்கு என்ன கிடைக்கிறது?

உடற்கூறுச் சொல்லோடு 'பேட்டோ' என்ற பண்பு ஆன்டாலஜியின் சொல்லைச் சேர்த்தால் ஒரு புறத்தோற்றத்தையே கணினிக்குச் சொல்லிவிடலாம்: 'செதில்' என்ற உறுப்பும் 'இல்லாமை' என்ற பண்பும் சேர்ந்தால் 'செதிலற்றது'. ஃபீனோஸ்கேப் திட்டம் இப்படித்தான் இரண்டு தனி உலகங்களை இணைத்தது. ஒரு பக்கம், இயற்கையில் மீன் இனங்களுக்கிடையே காணப்படும் வேறுபாடுகள். மறுபக்கம், வரிக்குதிரை மீனில் ஒரு மரபணு பழுதானால் என்ன ஆகிறது என்ற ஆய்வகப் பதிவுகள். கெளுத்தி வகை மீன்களுக்குச் செதில் இல்லை. வரிக்குதிரை மீனில் 'ஈடா' என்ற மரபணு பழுதானாலும் செதில் வராமல் போகிறது. இரண்டு தரவுகளும் ஒரே எண்களில் எழுதப்பட்டிருந்ததால், கெளுத்தி செதிலிழந்ததற்கு ஈடாவை ஆராய்ந்து பார்க்கலாம் என்ற கருதுகோளைக் கணினியே முன்வைக்க முடிந்தது. அந்தக் குழு 2016இல் வெளியிட்ட கட்டுரையில் அதை ஆய்வகச் சோதனைக்கும் எடுத்துச் சென்றார்கள். இதைப் படித்த நாளில்தான் எண் போடுவது எனக்கு எழுத்தர் வேலையாகத் தோன்றாமல் போனது.

ஏழாம் படி: சொல் கிடைக்காவிட்டால்

கட்டாயம் ஒருநாள் நடக்கும். அப்போது பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒன்றைப் போட்டு நிரப்பாதீர்கள். இரண்டு வேலை செய்யுங்கள். இப்போதைக்கு, உறுதியாக உண்மையான அடுத்த மேல்நிலைச் சொல்லைப் போட்டு, குறிப்புப் பத்தியில் 'இதைவிட நுட்பமான சொல் தேவை' என்று எழுதுங்கள். பிறகு யூபெரானின் கிட்ஹப் பக்கத்தில் புதிய சொல் கேட்டு ஒரு கோரிக்கை வையுங்கள். அந்தத் தளத்தில் கணக்கு பதிவு செய்தவர் யாரும் வைக்கலாம், பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை.

கோரிக்கையில் ஐந்து விஷயங்கள் இருந்தால் வேலை வேகமாக நடக்கும்: முன்மொழியும் பெயர், மாற்றுப்பெயர்கள், வரையறை, பெற்றோர்ச் சொல்லின் எண், ஆதாரக் கட்டுரை. எந்த வகைப்பாட்டுக் குழுவில் இது காணப்படுகிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். வரையறைக்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. முதலில் இது எதன் வகை என்று சொல்லுங்கள், பிறகு அந்த வகையில் உள்ள மற்றவற்றிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது எது என்று சொல்லுங்கள். 'இதயத்தின் அறை, நுரையீரலிலிருந்து வரும் ரத்தத்தைப் பெறுவது' என்பது போல. 'முக்கியமான', 'பொதுவாக', 'சிறிய' போன்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். பெயரையே திருப்பிச் சொல்லும் வரையறையும் வேண்டாம்.

பராமரிப்பாளர்கள் கேள்வி கேட்பார்கள். இது புதுச் சொல்லா, இருக்கும் சொல்லின் மாற்றுப்பெயரா என்பது பெரும்பாலும் முதல் கேள்வியாக இருக்கும். பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அந்த உரையாடலிலேயே உங்கள் உறுப்பைப் பற்றி உங்களுக்குத் தெளிவு கூடும். எண் கிடைத்ததும் விரிதாளில் 'நுட்பமான சொல் தேவை' என்று குறித்த வரிகளை வடிகட்டி எடுத்து, புது எண்ணையும் பெயரையும் இரண்டு பத்திகளிலும் போட்டு, வெளியீட்டுத் தேதியையும் மாற்றிவிடுங்கள். மூலையைப் பிடித்து இழுக்காமல், நகலெடுத்து ஒட்டுங்கள்.